சத்தம் நின்ற பிறகு

“வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. வாங்கினப்போ தலைப்பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம் கேக்கும். இப்போ அதுவும் நின்னு போச்சு.”

அக்காள் மகன் இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னான். எனக்கு மனம் கனத்தது. அவன் வைத்திருப்பது இரண்டாம் கையாக வாங்கிய காவசாகி நிஞ்ஜா 250. இரண்டு சிலிண்டர், எட்டு வால்வு. மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டுகிறது. முன்பு வைத்திருந்தவர் எப்போது என்ன வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கொஞ்ச நாளாகக் காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. பிளக் மாற்றினான், பேட்டரி மாற்றினான், மாற்றம் இல்லை. ஒரு பட்டறைக்குக் கொண்டு போயிருக்கிறான். சத்தம் வந்தால் கொண்டு வா, சத்தம் இல்லாத எஞ்சினைத் திறக்காதே என்று அனுப்பிவிட்டார்களாம்.

அவன் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை செய்கிறான். பீடோங்கிலிருந்து போக மட்டும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இரவு ஷிப்ட் முடிந்து வரும் வழியில், செம்பனைக்கு நடுவே வண்டி நின்றால் அன்றைய தூக்கம் போகும், மறுநாள் சம்பளம் போகும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் என்பது பொழுதுபோக்கு அல்ல. தோட்டம் போன பிறகு வேலையையும் வீட்டையும் இணைத்து நிற்பது அது ஒன்றுதான்.

“ஞாயித்துக்கிழமை காலையில திறக்கலாம். சனிக்கிழமை ராத்திரியே கொண்டு வந்து என் வீட்டு முன்னால நிறுத்திடு. அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணாதே” என்றேன்.

வால்வு என்பது தலை அகன்ற ஓர் ஆணி. எஞ்சினின் வாயில் கதவுபோல இருந்து காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுகிறது, எரிந்த புகையை வெளியே விடுகிறது. இந்த வண்டி 9,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. மேலே சுழலும் கேம் ஷாஃப்டின் புடைப்பு வந்து அழுத்தினால் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். மூடியிருக்கும் நேரத்தில் கேமுக்கும் வால்வின் தொப்பியாகிய பக்கெட்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருந்தே ஆகவேண்டும். சூட்டில் இரும்பு நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. புகை வெளியேறும் வால்வு நெருப்பிலேயே வாழ்கிறது. தன் சூட்டில் பெரும்பகுதியை அது இறக்கி வைப்பது இருக்கையில் பதிந்திருக்கும் அந்தக் கண நேரத்தில்தான். பதியாத வால்வுக்கு ஓய்வு கிடையாது. விளிம்பில் தீ கசியும், விளிம்பு கருகும்.

இந்த வண்டிக்குக் கையேடு சொல்லும் இடைவெளி, காற்று நுழையும் பக்கம் 0.15 முதல் 0.24 மில்லிமீட்டர், புகை போகும் பக்கம் 0.22 முதல் 0.31. நாம் எழுதுகிற தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். இரண்டு தாள், மூன்று தாள் நுழைகிற சந்து. ஓர் எஞ்சினின் ஆயுள் அதற்குள் இருக்கிறது.

இதில் எனக்கு எப்போதும் அச்சம் தரும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வகை எஞ்சினில் தேய்மானம் பெரும்பாலும் இடைவெளியைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. வால்வும் இருக்கையும் ஒன்றை ஒன்று அடித்து அடித்துத் தேய, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி கேமை நெருங்கும். நெருங்க நெருங்க டிக் டிக் சத்தம் அடங்கும். கடைசியில் எஞ்சின் தைத்துக்கொண்டிருக்கும் தையல் மிஷின்போல மெல்ல ஓடும். கேட்பவனுக்கு அது நிம்மதி. எஞ்சின் அழியத் தொடங்குவதும் அப்போதுதான்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் அப்பா. “சத்தம் போடுற டேப்பட்டை நாளைக்குப் பாத்துக்கலாம். சத்தம் போடாததை இன்னிக்கே பாரு” என்பார். வால்வை அழுத்தும் உறுப்பைத்தான் அவர் டேப்பட் என்பார். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் எஞ்சின் டிரைவர். பாலை உறைய வைத்து, தகடாக அழுத்தும் உருளைகளை ஓட்டும் டீசல் எஞ்சினைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. ஓடும் எஞ்சினின் தலையில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். எந்த வால்வு இறுகியது, எது தளர்ந்தது என்று சொல்வார். தோட்டத்தில் அது பெரிய பேர். பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட அவரை லாரியில் வந்து அழைத்துப் போவார்கள்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும், 1977. ஒருநாள் எஞ்சின் அறைக்கு என்னைக் கூட்டிப் போனார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, எஞ்சின் தலையில் வைத்து, காதைக் கொடு என்று சைகை செய்தார். “கேக்குதா? டிக்குன்னு வருதா? எந்தப் பக்கம்? நல்லா கேட்டுச் சொல்லு.” நான் கேட்டுச் சொன்னேன். மறுபடியும் கேட்கச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். பிறகு எஞ்சினை நிறுத்தி, நான் சொன்ன பக்கத்தை இறுக்கினார். அடுத்த மாதமும் கூப்பிட்டார். அதற்கடுத்த மாதமும். அப்பா எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார் என்று லயத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவருக்குக் காது போயிருந்தது.

இருபது வருடத்துக்கு மேல், நாள் முழுக்க அந்த எஞ்சினின் பக்கத்தில் நின்ற காது. அதிகம் போனால் கொஞ்சம் பஞ்சை அடைத்துக்கொள்வார். இரைச்சல் செவியை ஒரே அடியில் செவிடாக்குவதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து நுண்ணிய ஒலிகளைக் கொண்டு போகும். டேப்பட்டின் டிக் ஒலி அந்த வகை. பேச்சில் ச, ஸ போன்ற எழுத்துகள் அந்த வகை. கனமான ஒலியெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பதால் மனிதனுக்குத் தன் குறை தெரிவதில்லை. மற்றவர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நினைப்பான். நாங்கள் ‘காசு’ என்றால் அப்பா ‘காது’ என்று எடுத்துக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

தொழிற்சாலை இரைச்சலுக்கு எல்லை வைத்து, தொழிலாளியின் செவியைச் சோதிக்க வேண்டும் என்று இந்த நாட்டில் விதிமுறை வந்தது 1989-இல். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது அன்றைய எல்லை. 2019-இல் வந்த புதிய விதிமுறை அதை 85-ஆகக் குறைத்தது. அப்பா ஓய்வு பெற்றது 1981-இல். தோட்டத்தில் எஞ்சின் ஓடிய மணி நேரம் எழுதப்பட்டது. எண்ணெய் எத்தனை காலன் என்று எழுதப்பட்டது. எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற செவியை யாரும் அளக்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கும். அதைவிட, ‘காது கேட்டே வால்வு சொல்லுவார்’ என்ற பேர் போய்விடும் என்ற பயம் பெரிதாக இருந்திருக்கும். அந்தப் பேரைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை.

காது போன பிறகுதான் அவர் ஃபீலர் கேஜைக் கையில் எடுத்தார் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். விசிறிபோல விரியும் இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற பழைய இங்கிலீஷ் கணக்கு. எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு ஓவல்டின் டின்னில் வைத்திருப்பார். காதை நம்பியிருந்த மனிதர் விரலுக்கு மாறினார். தகடு எப்படி நுழைய வேண்டும் என்று கேட்டால், “மூடின புத்தகத்துக்குள்ள இருந்து வெள்ளி நோட்டை இழுக்கிற மாதிரி. வரணும். ஆனா, பிடிச்சுக்கிட்டே வரணும்” என்பார். இன்றுவரை அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேலையைத் தொடங்கினோம். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு ஓர் இரவாவது வேண்டும். ஃபேரிங், சீட், பெட்ரோல் டேங்க் எல்லாம் கழற்றி, தலையைச் சுற்றி இருந்த மண்ணைத் தூரிகையால் துடைத்தெடுத்தோம். இந்தத் துடைப்பை அவசரத்தில் தவிர்ப்பவர்கள் உண்டு. மூடியைத் திறந்ததும் அந்த மணல்தான் முதலில் உள்ளே விழும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே சுற்றலாம். மூடி வந்தது. இரண்டு கேம் ஷாஃப்டும் எண்ணெய் மினுங்க வெளியே தெரிந்தன. அக்காள் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தினமும் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்து ஓட்டுகிற பொருளின் உள்ளே அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எங்கள் காலத்து வண்டிகளுக்கு இவ்வளவு இல்லை. ஹோண்டா ஈ.எக்ஸ்.5-இல் இரண்டே வால்வு, இரண்டு வட்ட மூடி, உள்ளே ஒரு திருகும் ஒரு நட்டும். இடைவெளி 0.05. கால் மணி நேர வேலை. குரூணில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், மொடெனாஸ் ஆலையிலிருந்து 1996-இல் கிரிஸ் வெளிவந்தபோது அதுவும் அதே திருகுதான். நம் கெடா மண்ணிலேயே எஞ்சின் செய்கிறார்கள் என்று தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போட்டி போட்டு மனு எழுதிய காலம் அது. திருகு வைத்த வண்டியை நின்ற இடத்திலேயே சரிசெய்யலாம். ஷிம் வண்டியில் திருக ஒன்றும் இல்லை. கேம் நேராகப் பக்கெட்டை அழுத்துகிறது, பக்கெட்டுக்கு அடியில், வால்வின் நுனியில், சட்டைப் பொத்தானைவிடச் சின்ன ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதுதான் ஷிம். இடைவெளி குறைந்தால் மெல்லிய ஷிம்மை வைக்க வேண்டும், கூடினால் கனத்ததை. அதற்குக் கேம் ஷாஃப்டையே எடுத்தாக வேண்டும். நடுவில் அசையும் பாரம் குறைவதால் எஞ்சின் வேகமாகச் சுற்ற முடியும். 1912-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் வென்ற பெஜோ காரில் இப்படி இரட்டைக் கேமும் சிலிண்டருக்கு நான்கு வால்வும் இருந்தன. பந்தயக்காரர்களுக்கென்று பிறந்த அமைப்பு, நூறு வருடம் கழித்து, பீடோங்கில் ஒரு வீட்டு வாசலில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளையின் வண்டியாக நின்றது.

அளந்தோம். புடைப்பு பக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, தகடு தகடாக நுழைத்துப் பார்த்தேன். ஒரு சிலிண்டரை முடித்து, கிராங்கைத் திருப்பி, அடுத்ததை. காற்றுப் பக்கத்தில் இரண்டு நலம். ஒன்று 0.15, எல்லையிலேயே நிற்கிறது. ஒன்று 0.13. புகைப் பக்கத்தில் ஒன்று 0.23. ஒன்று 0.22, அதுவும் எல்லை. ஒன்று 0.17. கடைசி வால்வுக்கு 0.15 போகவில்லை. 0.10 போகவில்லை. 0.08 முனகிக்கொண்டு நுழைந்தது.

“நீ எழுது” என்றேன். எழுதினான். “இதுவா மாமா?” என்று அந்தக் கடைசி எண்ணைத் தொட்டுக் காட்டினான். ஆம், அதுதான். குளிர்ந்த நிலையிலேயே 0.08 என்றால், சூடேறி கூலிம் சாலையில் ஓடும்போது அது எங்கே போய் நிற்கும் என்பதை அவனே யோசித்துப் பார்த்துக்கொண்டான். சத்தம் நின்று போன வால்வு இதுதான்.

கேமை எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. செயின் டென்ஷனரை எடுத்த பிறகு கிராங்கை ஒரு மயிரிழைகூடத் திருப்பக்கூடாது. செயினை ஒரு கம்பியால் கட்டித் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கீழே சரிந்து பல் மாறிவிடும். செயின் இறங்கும் பள்ளத்தைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். கைதவறி விழும் ஒரு ஷிம், ஒரு சின்ன குழாய்ப் பின், நேராக கிராங்க் கேஸுக்குள் போய்விடும். கேமை அழுத்திப் பிடிக்கும் மூடிகளின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அந்த மூடிகளும் சிலிண்டர் ஹெட்டும் ஒன்றாக இறுக்கி வைத்துக் குடைந்தவை, தனியாகக் கிடைக்காது. ஒன்று விரிந்தால் முழு ஹெட்டும் போச்சு. வீட்டில் செய்யும் வேலை என்பதற்காக அலட்சியமாகச் செய்யலாம் என்று ஆகாது. வீட்டில் செய்பவனுக்குப் பக்கத்தில் சரிசெய்ய இன்னொருவன் இல்லை, அதனால் அவனுக்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும்.

காந்தத்தால் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, முட்டை அட்டையின் குழிகளில், எந்த வால்வு என்று எழுதி வைத்தோம். ஷிம்மில் 270 என்று பொறித்திருந்தால் 2.70 மில்லிமீட்டர். ஆனால் பொறித்ததை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்தேன். அந்தக் கடைசி வால்வின் ஷிம் 2.69 காட்டியது. கணக்கு எளிது. பழைய ஷிம்மின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புதிய ஷிம். 2.69, 0.08 சேர்த்து 2.77, அதில் 0.26 போக 2.51. கிடைப்பது 0.05 படிகளில் என்பதால் 2.50. எல்லையில் நின்ற இரண்டையும் விட்டுவைக்கலாம், கையேட்டின்படி அவை சரியே. ஆனால் திறந்தாயிற்று. அடுத்த முறை திறப்பதற்குள் அவையும் இறுகிவிடும். ஆக ஐந்து இடத்துக்கு ஷிம் மாற்ற வேண்டும். ஒரு வால்வில் கழற்றிய 2.55 இன்னொரு வால்வுக்குப் பொருந்தியதால் நான்கு வாங்கினால் போதும் என்று அக்காள் மகன்தான் கண்டுபிடித்தான். கணக்குப் பாடத்தில் அவன் ஒருநாளும் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன் இல்லை.

சுங்கை பட்டாணியில் அந்த அளவு கிடைக்கவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் சொல்லி வைத்தோம், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஷிம்மை எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கனத்தைக் குறைக்கலாம், பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவன் நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். செய்கிறார்கள், தெரியும். ஷிம்மின் மேல்தோல் கடினமாக்கப்பட்டது. தேய்த்தால் அந்தத் தோல் போகும், இரண்டு பக்கமும் சமமாகவும் இராது. ஒரு வாரம் பொறுக்க முடியாமல் ஓர் எஞ்சினைக் கெடுப்பதற்கு நான் உடன்படவில்லை. திறந்த எஞ்சினை அம்மாவின் பழைய பாத்தேக் கைலியால் மூடி வைத்தோம். அந்த வாரம் அவன் கம்பெனி பஸ்ஸில் போனான்.

அந்தக் கைலியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் நினைப்பு வந்தது. அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நிறை முழுதும், ஐந்நூறு மரம் போல, வெட்டி முடிப்பார். ஒவ்வொரு மரத்திலும் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். கத்தி ஆழமாகப் போய் உள்தோலைத் தொட்டால் மரம் காயப்படும், அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு விழுந்து வளரும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. உள்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கத்தி நிற்க வேண்டும், இருட்டில், மழைக்கால ஈரத்தில், ஐந்நூறு முறை. கையில் கேஜ் கிடையாது. காயம் பட்ட மரத்தைக் கண்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சத்தம் போடுவார், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பிடித்தம் வரும். காயம் படாத மரத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதப்பட்டதில்லை. மரத்தைக் கெடுக்காமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் வகுத்தவர் ரிட்லி. உலகம் அவர் பேரை வைத்திருக்கிறது, வைத்திருக்க வேண்டியதுதான். அந்த முறையை ஒவ்வொரு நாள் விடியலிலும் செய்து காட்டிய கைகளுக்கு அரசாங்கக் கணக்கில் இருந்த பேர், தேர்ச்சியற்ற தொழிலாளி.

எனக்கு இது ஆறாத மனத்தாங்கல். எங்கள் ஜனங்களுக்குக் கருவி வேலை வராது, நுணுக்கம் வராது என்று எங்கள் வாயாலேயே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டருக்குள் கத்தியை நிறுத்திய தாயின் பிள்ளைகள், காதால் வால்வு பார்த்த தகப்பனின் பிள்ளைகள் இதைச் சொல்கிறார்கள். அளந்தது எழுதப்படாததால், எழுதாதது இல்லாமலே போய்விட்டது. தோட்டம் விற்கப்பட்டது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையின் ஒரு பகுதி போய் வீடமைப்பு வந்தது. லயத்தை விட்டு நாங்கள் வெளியேறிய நாளில் ஒருவரும் சத்தம் போடவில்லை. சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கோயிலில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம். எதிர்ப்பே இல்லாமல் காரியம் முடிந்தது என்று அன்று யாராவது நிம்மதியாக எழுதிவைத்திருப்பார்கள். பட்டணத்து அடுக்கு வீட்டில் அப்பா முன்னிலும் அமைதியாகிவிட்டார். பேரப் பிள்ளைகள் பேசுவது புரியாமல் வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் புது இடம் பிடித்துப்போயிற்று என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். பினாங்குக்குக் கூட்டிப் போய் செவிச் சோதனை செய்து பார்க்க எனக்குத் தோன்றியது 1996-இல். அதற்குள் கருவி மாட்டியும் பெரிய பயன் இல்லை. இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார்.

ஷிம்கள் வந்தன. எண்ணெயில் தொட்டு, வால்வு நுனியில் உட்கார வைத்து, மேலே பக்கெட்டை இறக்கினோம். கேமின் கழுத்தில் எண்ணெய் தடவி, பல்லில் இருக்கும் குறியும் ஹெட்டின் விளிம்பும் நேராக நிற்கிறதா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே செயினை மாட்டினோம். மூடிகளை டார்க் ரென்ச்சில் 12 நியூட்டன் மீட்டருக்கு, உள்ளிருந்து வெளியே. கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று. எங்கும் முட்டவில்லை. பிறகு மறுபடியும் எட்டையும் அளந்தோம். இந்தக் கடைசி அளவை விட்டுவிட ஆசை வரும். விடக்கூடாது. ஷிம் சரியாக உட்காராமல் ஒரு முடி அளவு சாய்ந்திருந்தாலும் இங்கேதான் தெரியும்.

அந்த இறுகியிருந்த வால்வை மட்டும் அப்பாவின் பழைய கேஜாலும் பார்த்தேன். ஆயிரத்தில் பத்து போயிற்று. பதினொன்று போகவில்லை. 0.25-க்கும் 0.28-க்கும் நடுவில், அதாவது கணக்கில் வந்த 0.27. தகட்டை இழுத்தபோது பிடித்துக்கொண்டே வந்தது. அக்காள் மகனின் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். அவன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். புத்தகத்துக்குள் இருக்கும் வெள்ளி நோட்டைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

டேங்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணினான். முதல் அழுத்தத்திலேயே பிடித்துக்கொண்டது. எண்ணெய் மேலே ஏறும் வரை கொஞ்சம் கடகடத்து, பிறகு அடங்கி, அதற்குப் பின்னால் மெல்லிய டிக் டிக் கேட்டது.

“மாமா, சத்தம் வந்திருச்சு.”

“வரட்டும்.”

எனக்கு அது கேட்டது என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பது வருடம் ரப்பர் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். விதிமுறை வந்த பிறகு வேலைக்குப் போன தலைமுறை. காது அடைப்பான் போடாமல் உள்ளே விட மாட்டார்கள். அன்று அதைத் தொந்தரவு என்று நினைத்திருக்கிறேன்.

நாற்பது காசு நோட்டுப் புத்தகம் ஒன்றை அவனுக்கென்று எடுத்துக் கொடுத்தேன். தேதி, கிலோமீட்டர், எட்டு வால்வின் பழைய இடைவெளி, பழைய ஷிம், புதிய ஷிம், புதிய இடைவெளி. அவனே கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதினான். நாளை இந்த வண்டியை விற்றாலும் நோட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்றான். எழுதி முடித்து, பக்கத்தைப் புரட்டி வெறும் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து போய்த் தன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தான். கம்பெனியில் வருடா வருடம் எடுக்கும் செவிச் சோதனையின் தாள். வலது காதுக்கு ஒரு வரி, இடது காதுக்கு ஒரு வரி, கீழே ஒரு வரைபடம்.

“இதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் சொல்லல மாமா. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன்.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 500, 1,000, 2,000 எல்லாம் பத்து, பதினைந்தில் நேராக வந்தது. வலது காதில் 4,000-க்கு நேராகக் கோடு சற்றுக் கீழே இறங்கி, 8,000-இல் மறுபடி ஏறியிருந்தது.

“போன வருஷத்துத் தாள் இருக்கா?” என்றேன்.

“எங்கேயோ வச்சேன். தேடிப் பாக்கிறேன் மாமா.”

“இப்பவே தேடு” என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வண்டி வாசலில் நின்று ஆறிக்கொண்டிருந்தது.